நாலாம் நம்பர் கை

தண்ணீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் பிளாஸ்டிக் பலகை குழைந்து பாகாக ஓடிவிடும். ஆறிப்போனாலும் ஆகாது, பலகை முரண்டு பிடிக்கும். கையக்கா வெப்பமானி ஒன்று வைத்திருந்தாள். ஆனால் அதைப் பார்ப்பதில்லை. தொட்டியின் மேல் முகத்தைக் காட்டுவாள், கன்னத்தில் ஆவி படுகிற விதத்திலேயே சூடு தெரிந்துவிடும்.

வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு தண்ணீருக்குள் கிடந்து மெல்ல மெல்லக் கண்ணாடிபோலத் தெளிந்தது. அதை எடுத்துத் துணியில் ஒற்றி, எதிரே உட்கார்ந்திருந்த குழாய்க்காரரின் கட்டைவிரல்மேல் போர்த்தி, தன் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். மூன்று நிமிடம். கையை எடுத்தபோது துண்டு மறுபடி வெளுத்து, அந்த விரலின் வளைவோடும் முட்டியோடும் இறுகியிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் குழாய்க்காரர்.

"அவ்வளவுதான். தூங்கும்போதும் கழட்டாதீங்க."

"கழட்டினா?"

"விரல் தன் இஷ்டத்துக்கு வளைஞ்சுக்கும். அப்புறம் யார் சொன்னாலும் கேக்காது."

"எங்க வீட்டுல எதுதான் என் பேச்சைக் கேக்குது, இது கேக்க" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்து போனார்.

அந்த அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டிக் கடைசியில் இருந்தது. கதவில் நீளமாக ஒரு பெயர்ப்பலகை. அதை யாரும் முழுசாகப் படித்ததில்லை. எல்லோருக்கும் அது கை ரூம், உள்ளே இருப்பவள் கையக்கா. மேலே டாக்டர் எலும்பைச் சேர்ப்பார், நரம்பைத் தைப்பார், அதோடு அவர் வேலை தீர்ந்தது. தைத்த கை பொத்தான் போடுமா, பூட்டைத் திறக்குமா, மறுபடி சம்பாதிக்குமா என்பதெல்லாம் இவள் பாடு. மணல் தொட்டியில் கையை அளைய விடுவாள். பச்சை நிறப் பசைமாவைப் பிசையச் சொல்வாள். வளையாத விரலை ஒரு நாளைக்கு ஒரு நூலளவு வளைப்பாள்.

ஜன்னலுக்கு மேலே ஒரு நீளத் தட்டு. பாதியில் வராமல் நின்றுபோனவர்கள் விட்டுப்போன கூடுகள் அதில் இருந்தன. கைக்குப் போடுகிற அந்தப் பிளாஸ்டிக்கை நோயாளிகள் கூடு என்றுதான் சொல்வார்கள். பதினோரு கூடுகள். ஒன்று கையேந்துவதுபோல, ஒன்று யாரையோ நிறுத்துவதுபோல, இரண்டு மூன்று எதையோ தொடப் போவதுபோல. வெந்நீரில் மறுபடி போட்டால் அவை தாங்கள் பிடித்திருந்த கையை மறந்து தட்டைப் பலகையாகிவிடும், அவசரத்துக்கு ஆகும் என்று கையக்கா சேர்த்து வைத்திருந்தாள்.

கூட்ட வருகிற ஆயாவுக்கு அந்தத் தட்டு பிடிக்கவே பிடிக்காது. "அதுங்களை ஒரு துணி போட்டாவது மூடேன், தாயே. குனிஞ்சு கூட்டுறப்போ முதுகுல தட்டுற மாதிரியே இருக்கு."

"தட்டினா திரும்பிப் பாரு, யாருன்னு தெரியும்."

"தெரிஞ்சு நான் என்ன, பொண்ணா கொடுக்கப் போறேன்?"

குழாய்க்காரர் போனதும் மூடிக்காரி வந்தாள். தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கிற ஆலையில் பதினாறு வருஷமாக வேலை, அதனால் அந்தப் பெயர். ஐந்து வாரத்துக்கு முன்னால் அழுத்து இயந்திரம் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். விரல்கள் பிழைத்துக்கொண்டன. உள்ளே செருகிய கம்பிகளையும் போன வாரம் எடுத்தாயிற்று. இன்று அவள் இடுப்பில் சொருகியிருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே அவளுடைய கூடு, மென்று துப்பிய மாதிரி சுருண்டு கிடந்தது.

"அடுப்புப் பக்கத்துல வெச்சேன்கா. திரும்பிப் பாக்கறதுக்குள்ள இப்படிப் படுத்துக்குச்சு. திட்டாதீங்க."

"திட்டி என்ன பண்ண? புதுப் பலகை தீந்துபோச்சு, மாசக் கடைசியிலதான் வரும். இரு, பழசு ஏதாவது எடுத்து உருக்கித் தரேன். கையை வை."

மூடிக்காரி கையை மேஜைமேல் வைத்தாள். வைத்த கை ஒரு சாண் பின்னால் போயிற்று. பிறகு தானாக முன்னால் வந்து படுத்தது. மறுபடி பின்னால் போயிற்று.

"ஆடாம வைம்மா."

"நான் இழுக்கலக்கா. அதுவாப் போகுது." அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "வீட்லயும் இப்படித்தான். சோறு போட்டுத் தட்டை நீட்டினா, அவங்க வாங்கறதுக்குள்ள கை பின்னால வந்துடுது. எங்க நாத்தனார் சொல்றா, 'கொடுக்க மனசில்லைன்னா வாயால சொல்லு அண்ணி'ங்கறா."

துடைப்பத்தோடு நின்றிருந்த ஆயா உதட்டை அசைத்து எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. பாரு, சரியா மூணு எண்ணினா போகுது."

"நிமிஷத்துக்கு இருபது மூடி, ஆயா. மூணு எண்ணிக்கைக்கு ஒண்ணு" என்றாள் மூடிக்காரி. "மிஷின் நிக்காது. அது இறங்கறதுக்கு முன்னாடி தகட்டை வெச்சிட்டுக் கையை எடுத்துடணும். பதினாறு வருஷம் எடுத்துட்டேன். ஒரே ஒரு நாள் எடுக்கல."

கையக்கா தட்டிலிருந்து கைக்கு எட்டிய ஒரு சின்னக் கூட்டை எடுத்தாள். இரண்டு விரலுக்கானது. தண்ணீரில் போடுமுன் பிளாஸ்டிக் போதுமா என்று பார்க்க, சும்மா அளவுக்கு மூடிக்காரியின் விரல்மேல் வைத்தாள்.

அது உட்கார்ந்துகொண்டது. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. நடுவிரலின் இரண்டாம் கணு கோணலாகச் சேர்ந்திருந்ததால் அங்கே ஒரு புடைப்பு இருந்தது. கூட்டிலும் அதே இடத்தில் அதே அளவுக்கு ஒரு குழி இருந்தது.

"அட! எனக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கே" என்றாள் மூடிக்காரி. "யாருதுக்கா இது?"

கையக்கா ஸ்டூலில் ஏறி இரண்டு விரல் கூடுகள் எல்லாவற்றையும் எடுத்தாள். நாலு இருந்தன. முதலில் வைத்தது போக இரண்டாவதை வைத்தாள், உட்கார்ந்தது. மூன்றாவதும் உட்கார்ந்தது. நாலாவது ஒரு தச்சருடையது, தொளதொளவென்று ஆடியது. அது ஆடியதைப் பார்த்ததும் கையக்காவுக்கு மூச்சு வந்தது.

கை என்பது முகம் மாதிரி. இருபது வருஷத்தில் ஒருவர் கூடு இன்னொருவருக்குப் பொருந்தி அவள் பார்த்ததில்லை. அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். பதினான்கு மாசத்துக்கு முன்னால் ஓர் ஆள். வலி வந்தால் விசிலடிப்பார். அதற்குப் பிறகு ஒரு கண்ணாடிக்காரப் பெண். பிறகு பேசவே பேசாத இன்னொருத்தி. மூன்று பேருக்கும் வலது கை, அதே இரண்டு விரல், அதே கணு. ஒவ்வொருவருக்கும் நடுவே நாலைந்து மாசம், நூற்றுக்கணக்கான வேறு கைகள். அதனால்தான் கண்ணில் படவில்லை. மூன்று பேரும் மூடி ஆலை.

"எந்த மிஷின்ல நீ வேலை பாத்தே?"

"நாலாம் நம்பர்."

"இவங்க?" கையக்கா பதிவேட்டில் மூன்று பெயர்களையும் காட்டினாள்.

"விசில்காரரா? எனக்கு முன்னாடி நாலாம் நம்பர்ல அவர்தான் இருந்தார். அவருக்கு முன்னாடி..." மூடிக்காரி பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல, இவங்க ரெண்டு பேரும் ராத்திரி ஷிப்ட். அதே மிஷின்தான். முன்னெல்லாம் நான் ஆறாம் நம்பர்ல இருந்தேன்கா. அவர் போனதும் ஆபீஸ்காரர் எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு உள்ளங்கையைப் பாத்தார். நாலாம் நம்பருக்கு வாய் குறுகல். பெரிய கை நுழையாது. ஒல்லிக் கைதான் வேணும். என் கையைப் பாத்துட்டு, 'நீ வா'ன்னுட்டார்."

"முன்னாடி கதவு ஏதும் கிடையாதா? கை உள்ள இருக்கறப்ப இறங்காம இருக்க?"

"வலைக்கதவு இருந்துச்சு. அது மூடித் திறந்தா நிமிஷத்துக்குப் பன்னெண்டுதான் வரும். கழட்டி ஓரமா சாத்தி வெச்சிருக்காங்க. நாங்க அதுலதான் துண்டு காயப்போடுவோம்."

அந்தக் கூட்டை உருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கையக்கா புது வார் மட்டும் தைத்து அப்படியே மாட்டிவிட்டாள். மூடிக்காரி போன பிறகு ஆயா, "யாரு கழட்டிப் போட்ட தோலையோ எடுத்து மாட்டி அனுப்பிட்டே" என்றாள். அன்றைக்கு அவள் ஜன்னல் பக்கம் கூட்டவில்லை.

அடுத்த ஏழு வாரமும் மூடிக்காரி ஒரு நாள் தவறாமல் வந்தாள். வலிக்கு அழவில்லை. வளைக்க வளைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கதை சொன்னாள். கதை பெரும்பாலும் மகளைப் பற்றியது. பதினெட்டு முடிந்து ஒரு மாசம். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். வீட்டில் கணக்கு வழக்கு, சண்டை சமாதானம் எல்லாம் அவள்தான். "வாய் மட்டும் காது வரைக்கும். என்னைப் பெத்தவ மாதிரி அதட்டுவா."

மகளைப் பற்றிய இன்னொரு விஷயத்தை அவள் ஒன்பதாம் வாரம்தான் சொன்னாள். பசைமாவை உருட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"பன்னெண்டாம் வாரம் நீங்க ரிப்போர்ட் கொடுப்பீங்க இல்லக்கா? வேலைக்குத் தகுதின்னு எழுதிடுங்க."

"கை எப்படி இருக்கோ அப்படித்தான் எழுத முடியும்."

"தகுதி இல்லைன்னு எழுதினா என் இடம் போயிடும்."

"வேற லேசான வேலை கொடுக்கச் சொல்லி எழுதறேன். பெட்டி அடுக்கறது, ஒட்டறது."

"அதெல்லாம் எங்க ஆலையில கிடையாதுக்கா. இடத்துக்கு இடம்தான். ஒருத்தருக்குக் கை போச்சுன்னா அவங்க வீட்லேருந்து ஒருத்தர் வரலாம். பெரிய மனசு பண்ணிக் கொடுக்கறாங்களாம். விசில்காரர் தம்பி வந்தான், அவனுக்குக் கை பெரிசு, மூட்டை தூக்கப் போட்டுட்டாங்க." அவள் மாவை அமுக்கினாள். "என் மகளுக்கு என் கை. அச்சு அசல். வளையல் கூட ஒரே அளவு."

அப்போதுதான் கையக்காவுக்கு விஷயம் முழுசாக விளங்கியது. முடியும் என்று எழுதினால் இந்தக் கை திரும்பிப் போகும். முடியாது என்று எழுதினால் அந்தக் கை போகும்.

"அவ போக மாட்டேன்னு சொன்னா?"

"அவளா? நான் இங்க வர நாள்லயெல்லாம், 'நீ எதுக்கும்மா கஷ்டப்படறே, நான் போறேன்'னுதான் அனுப்பி வைக்கறா."

அதற்குப் பிறகு கையக்கா தன் வேலையை வேறு மாதிரி செய்தாள். மூடிக்காரி எப்படியாவது தேறிவிட்டால் இரண்டு கையும் பிழைக்கும் என்று அவளுக்குப் பட்டது. மரப்பலகையில் சதுரமாகக் குழி வெட்டி, அதற்கு மேலே ஒரு கனமான புத்தகத்தைக் கயிற்றில் தொங்கவிட்டாள். ஆயா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூன்று எண்ணியதும் புத்தகம் விழும். அதற்குள் மூடிக்காரி குழியில் தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும்.

"ஒண்ணு, ரெண்டு, எடு. ஒண்ணு, ரெண்டு, எடு."

நாளுக்கு நூறு தடவை. பிறகு இருநூறு. பத்துக்கு ஆறு தடவை கை தப்பியது. பத்துக்கு ஏழு. அதற்கு மேல் போகவில்லை.

ஒரு நாள் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கையக்காவின் கணவர் எதிரே வந்து நின்றார். "என்ன, யாராவது கடிக்கறாங்களா?"

"என்ன கடிக்கறாங்க?"

"கையை இப்படி இப்படி இழுத்துக்கறே. அப்பலேருந்து பாக்கறேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மடியில் இருந்த கை அமைதியாகத்தான் இருந்தது. மூன்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பன்னிரண்டாம் வாரம் அளவெடுக்கிற நாள் வந்தது. மூடிக்காரி தலை வாரி, நல்ல புடவை கட்டி வந்திருந்தாள், பெண் பார்க்க யாரோ வருகிற மாதிரி. கையக்கா கோணமானியால் ஒவ்வொரு கணுவையும் அளந்து எழுதினாள். பிடி பார்க்கிற கருவியைக் கொடுத்து இறுக்கச் சொன்னாள். இடது கையின் பாதிகூட வரவில்லை. கடைசியாகத் தொடு உணர்வு.

"கண்ணை மூடிக்கோ. இந்த நைலான் இழையால விரல் நுனியில தொடுவேன். தொடும்போது 'ம்'னு சொல்லு."

மூடிக்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கையக்கா ஆள்காட்டி விரல் நுனியை இழையால் தொட்டாள். பதில் இல்லை. தடித்த இழையை எடுத்து, அது வளைகிற அளவுக்கு அழுத்தினாள். பதில் இல்லை. நடுவிரலில் அழுத்தினாள். இல்லை. அவள் இழையைக் கீழே வைத்தாள்.

"ம்" என்றாள் மூடிக்காரி.

கையக்கா அவளைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவே மேஜையின்மேல் கை மட்டும் இருந்தது.

"ம்."

எக்ஸ்ரே அறையின் இரைச்சல் நின்றிருந்தது. தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருந்தது. மூடிக்காரியின் மூடிய இமைக்குள் விழிகள் மேலிருந்து கீழே எதையோ தொடர்ந்து இறங்கின.

"ம்," என்றாள். "சரியாச் சொல்றேனாக்கா? ...ம். இப்பத் தொட்டீங்க. ...ம்."

ஆயா ஒரு 'ம்'முக்கும் அடுத்த 'ம்'முக்கும் நடுவே எண்ண ஆரம்பித்து, மூணு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரியாச் சொல்றே. கண்ணைத் திற," என்றாள் கையக்கா.

அறிக்கையை அவள் அன்றே எழுதவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். தகட்டின் ஓரம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாத விரல் அது. பத்துக்கு மூன்று தடவை புத்தகத்துக்கு அடியில் கிடக்கிற கை. அதைத் தகுதி என்று எழுதினால், அடுத்த முறை அளக்க விரலே இருக்காது. இந்தக் கை அழுத்து இயந்திரத்தில் வேலை செய்யக் கூடாது என்று எழுதினாள். அதோடு நிறுத்தாமல் அடியில் ஒரு பத்தி சேர்த்தாள். ஒரே இயந்திரம், பதினான்கு மாசத்தில் நாலு பேர், அதே இரண்டு விரல்கள், ஒருவருடைய கூடு மற்றவருக்கு அப்படியே பொருந்துகிறது, கழற்றிய வலைக்கதவை மாட்ட வேண்டும். இதைப் படித்தால் அந்த இயந்திரத்தை நிறுத்தாமல் இருக்க முடியாது, நிறுத்திவிட்டால் மகள் போவதற்கு இடமே இருக்காது என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

மூடிக்காரியிடம் அறிக்கையைப் படித்துக் காட்டினாள். அவள் முழுசாகக் கேட்டாள்.

"உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லக்கா," என்றாள். "என் கை அதுதானே." பிறகு கூட்டைக் கழற்றி, பத்திரமாகத் துடைத்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் ஆலையிலிருந்து ஆபீஸ்காரர் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

"ரிப்போர்ட் ரொம்பத் தெளிவா இருக்கு மேடம். எங்களுக்கு இப்படி எழுதற ஆள்தான் வேணும். மத்தவங்க எழுதறது புரியறதே இல்ல."

"கடைசிப் பத்தியைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். அதைப் பத்தித்தான் பேச வந்தேன்." அவர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். "கையைப் பத்தி நீங்க சொன்னா நாங்க தலைவணங்கிக் கேட்டுக்குவோம். மிஷினைப் பத்தி மெக்கானிக் சொல்லுவார். அவர் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கார்."

"அப்ப நாலு பேர்?"

"கை ஒத்துவரல. நீங்களே எழுதியிருக்கீங்க, உணர்வு இல்ல, வேகம் இல்லன்னு. அதனாலதான் நிர்வாகத்துல ஒரு முடிவு எடுத்திருக்காங்க. இனிமே மிஷின்ல உட்கார வைக்கறதுக்கு முன்னாடியே கையைப் பரிசோதிக்கணும். உங்ககிட்டயேதான் அனுப்பச் சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரி மேலிடத்துலயும் பேசியாச்சு." எழுந்து கைகூப்பினார். "உங்க ரிப்போர்ட்டாலதான் இது நடந்துச்சு மேடம்."

அவர் போகும்போது தட்டைப் பார்த்தார். "அழகா இருக்கு," என்றார்.

மறுவாரம் காலையில், ஆலையின் வேன் வாசலில் நின்றது. தண்ணீர் இன்னும் சூடேறவில்லை. ஒரு பெண் தாளை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் யார் என்று கையக்கா கேட்கவில்லை. தாளைப் பிடித்திருந்த கை போதுமாக இருந்தது.

"நீங்கதானே கையக்கா? அம்மா சொன்னா, உங்க கை பட்டா வலியே தெரியாதுன்னு." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சீக்கிரம் பண்ணுங்கக்கா. வேன்காரர் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கார். இன்னிக்குள்ள கையெழுத்து ஆகலன்னா இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம்."

"படிப்பு?"

"அது எங்க ஓடிடப் போகுது? அம்மாவை ரெண்டு வருஷம் உட்கார வெச்சுச் சோறு போட்டுட்டு அப்புறம் படிச்சுக்கறேன்."

தாளில் நாலு கட்டங்கள் இருந்தன. உள்ளங்கையின் அகலம். விரல் மடங்கும் கோணம். பிடி. தொடு உணர்வு. அடியில், தகுதி அல்லது தகுதியின்மை. இயந்திரத்துக்கென்று கட்டம் எதுவும் இல்லை.

கையக்கா அளந்தாள். ஒவ்வொரு கணுவும் கடைசி வரை மடங்கி, கடைசி வரை நிமிர்ந்தது. பிடி கருவியின் முள் நடுக்கமில்லாமல் ஏறியது. கண்ணை மூடச் சொல்லி, தன்னிடமிருந்த இழைகளிலேயே மெல்லிய இழையை, தலைமுடியைவிட மெல்லிசானதை, ஆள்காட்டி விரல் நுனியில் வைத்தாள்.

"ம்," என்றாள் பெண் உடனே. "கூசுதுக்கா."

இழையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மூன்று, ஆறு, ஒன்பது என்று கையக்கா மனசுக்குள் எண்ணினாள். பெண் சும்மா இருந்தாள். மறுபடி தொட்டதும்தான் "ம்" என்றாள். இந்த வருஷம் அந்த மேஜைமேல் வந்த கைகளில் இவ்வளவு நல்ல கை வரவில்லை. நாலு கட்டத்திலும் பொய் எழுத இடமில்லை.

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

"கண்ணைத் திறக்கலாமாக்கா?"

"கொஞ்சம் இரு. கையை விரிச்சு இந்தத் தாள் மேல வை."

பெண் விரித்து வைத்தாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"எதுக்குக்கா வரையறீங்க?"

கையக்கா குனிந்து பார்த்தாள். உடைந்த கைக்குப் பலகை வெட்டுவதற்கு முன்னால், அளவுக்காக அந்தக் கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுப்பாள். இருபது வருஷப் பழக்கம். பென்சில் ஆள்காட்டி விரலை முடித்துவிட்டு, நடுவிரலின் பாதியில், இரண்டாம் கணுவருகே நின்றிருந்தது.